சும்மா வந்த சகலன்

சகலன் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய முகம் அல்ல, கைகள். இரண்டும் வெறுங்கை. கொடிகாமம் சந்தையில் மொத்தமாகக் காய்கறி வாங்கி விற்ற மனிதர் அவர். எங்கே போனாலும் மோட்டார்சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பை தொங்கும். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் முருங்கைக்காய். வங்கிக்குப் போனால் கத்தரிக்காய். ஒருமுறை நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போனபோதுகூட ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய், வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர். அப்படிப்பட்டவர் கையை வீசிக்கொண்டு முற்றத்தில் நடந்து வந்தார். ஹாண்டிலிலும் ஒன்றும் இல்லை. அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி அதைத்தான் முதலில் கண்டாள்.

“இஞ்சரப்பா, உவர் ஏன் வெறுங்கையோடை வாறார்?” என்று அவருக்குக் கேட்கிற குரலிலேயே என்னிடம் கேட்டாள்.

சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஆயுள் முழுவதும் ஒரு ஊமைப் போட்டி நடக்கும். எந்த மாப்பிள்ளையை எடுத்தது லாபம் என்று பெண் வீட்டார் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். எங்கள் விஷயத்தில் தராசு தேவைப்படவில்லை. நான் கரவெட்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துகிறவன். அவரோ நான் கந்தோருக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் லொறி நிறையக் காய்கறி ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, அன்றைய உழைப்பு முடிந்து பல் குத்திக்கொண்டிருப்பவர். மாமி என் முன்னால் அவரைப் புகழமாட்டார். அவர் முன்னால் என்னைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். அதிலேயே தீர்ப்பு இருந்தது.

அக்காவும் தங்கையும் கதைக்காமல் போனது ஒரு குடிபூரலால், புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோகிற சடங்கால். தங்கை கொடிகாமத்தில் புது வீடு கட்டினாள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு நேரே வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்து, சொல்லிவிட்டுப் போக வேண்டும். அச்சடித்த அழைப்பு கையில் இருந்தாலும் வாயால் சொன்னால்தான் சொன்னது. தங்கையும் வரத்தான் இருந்தாள். ஆனால் தரைக்கு மாபிள் பதிக்கிறவன் கடைசிக் கிழமையில் காணாமல் போய்விட்டான். அவனைத் தேடித் திரிந்ததில் நாள் முடிந்துபோனது. கடைசியில் ஊருக்கெல்லாம் தொலைபேசியில் அனுப்பிய அதே படத்தை அக்காவுக்கும் அனுப்பிவிட்டாள். மேலே குத்துவிளக்கு, கீழே ‘அன்புடையீர்’ என்று தொடங்கும் வாசகம்.

“கூடப்பிறந்தவளுக்கு அன்புடையீராம்,” என்றாள் என் மனைவி. “அவையின்ரை லொறி ஓடுறவனுக்கும் எனக்கும் ஒரே விளக்கு.”

நாங்கள் போகவில்லை. மாபிளைப் பார்க்கப் பொறாமையில் அக்கா வரவில்லை என்று அங்கே யாரோ சொன்னார்கள். அல்லது தங்கைதான் சொன்னாளோ, தெரியாது. சொல் மட்டும் வரணி வழியாகக் கரவெட்டிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதோடு போக்குவரத்து நின்றது. பெண்சாதிகள் கதைக்காவிட்டால் புருஷன்மாரும் கதைக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். நெல்லியடிச் சந்தியில் நேருக்கு நேர் வந்தால் நானும் சகலனும் ஒரே களவில் பிடிபட்டவர்களைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் பிரிவோம்.

ஆனால் எங்கள் இருவருக்கும் சந்திக்க ஓர் இடம் இருந்தது. கைத்தொலைபேசியில் விளையாடும் ஒரு போர் விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை, கோட்டைக்குள் வயல், படை, மதில். கோட்டைக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரு கூட்டணி. கூட்டணிகள் ஒன்றையொன்று அடிக்கும், அல்லது உடன்படிக்கை செய்யும். எங்கள் கூட்டணியில் கரவெட்டியிலிருந்து கனடா வரை சிதறிக்கிடக்கும் எங்கள் ஆட்கள். தலைவர் நான். கந்தோரில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு வேறு ஒருவருக்கும் கிடைக்காது என்பதே என் தகுதி. கிணற்று மோட்டரைப் போடுவதற்குக்கூட மனைவியிடம் கேட்கிற நான் அதற்குள் ஒரு பேரரசன். சகலன் அந்தப் பேரரசின் தூதர். மற்றக் கூட்டணிகளோடு பேசுவது அவர் வேலை.

என்னுடைய ராஜதந்திரம் எளிமையானது. பக்கத்துக் கூட்டணி மெலிவாக இருந்தால் அடிக்க வேண்டும். பலமாக இருந்தால் கும்பிட வேண்டும். சமமாக இருந்தால் கும்பிட்டுக்கொண்டே அடிக்க ஆயத்தப்பட வேண்டும். சிநேகம் என்பது படை போதாதவன் பேசுகிற பேச்சு. இதையெல்லாம் நான் கூட்டணியின் பொது இடத்தில் நீளநீளமாக எழுதுவேன். ஒருவரும் வாசிப்பதில்லை. கனடாவிலிருந்து ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டுகிறவர். மரண அறிவித்தலுக்கும் காட்டியிருக்கிறார்.

சகலன் வேறு மாதிரி. எங்களுக்கு வடக்கே பெரிய கூட்டணி ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஏதோ ஒரு குளிர் நாட்டில் லொறி ஓட்டுகிறவர். சகலன் அவருக்கு நெல் அனுப்பத் தொடங்கினார். விளையாட்டில் அது கோதுமைதான், சகலனுக்கு மட்டும் நெல். அவர்கள் கேட்கவும் இல்லை, எங்களுக்கு ஒரு தேவையும் இல்லை. தொலைபேசியே மொழிபெயர்த்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, லொறிக்காரரின் தாயாருக்கு முழங்கால் வலி என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு கிழமையும் நெல்லோடு முழங்கால் விசாரணையும் போகும். கந்தோரிலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுத்து, பேரரசனுக்குரிய கோபத்தோடு கேட்டேன்.

“தம்பி, எங்கடை நெல்லைக் கொண்டுபோய் எதிரிக்குத் தீத்திறீரே?”

“அவன் எங்கை எதிரி, அண்ணை? இன்னும் ஒண்டும் செய்யேல்லையே.”

“செய்வான்.”

“செய்யட்டும். எங்கடை சோத்தைத் திண்டுகொண்டு செய்யிறது அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்.”

ஒருநாள் தெற்கேயிருந்த கூட்டணிகள் ஒன்றாகச் சேர்ந்து எங்களை அடிக்க வந்தன. நான் கந்தோர் மேசையில் கோப்புக்குப் பின்னால் தொலைபேசியை மறைத்து வைத்துக்கொண்டு பலாபலம் பார்த்தேன். தோல்வி நிச்சயம். சரணடைகிறோம் என்று ஓர் அறிக்கையை மிகுந்த கம்பீரத்தோடு எழுதி முடித்தேன். அதை அனுப்ப முன்னம் வடக்கிலிருந்து படை வந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. சகலனும் கூப்பிடவில்லை. அந்த நேரம் அவர் சந்தையில் மரவள்ளி நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயமே அவருக்குத் தெரியாது. பிறகு நான் அவரிடம் கேட்டேன். நீர் இதற்காகத்தான் அவ்வளவு காலமும் நெல் அனுப்பினீரா? அது தந்திரமா, அல்லது மெய்யான சிநேகமா?

அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “தொடங்கேக்கை என்னெண்டு தொடங்கினனான் எண்டு எனக்கே இப்ப தெரியேல்லை, அண்ணை. ஒரு மனிசனுக்கு இவ்வளவு காலம் நெல்லு அனுப்பினால், பேந்து அது தந்திரமோ சிநேகமோ எண்டு பிரிச்சு எடுக்க ஏலாது.”

நான் அதை ஒரு வியாபாரியின் நழுவல் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருடைய மகளுக்குப் பேச்சுக்கால் தொடங்கியது. மாப்பிள்ளை வெளிநாட்டில், நல்ல குடும்பம், பொருத்தமும் பார்த்தாயிற்று. ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, கூட்டணிக் கதையை எல்லாம் முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். கலியாணப் பேச்சு முடிவாகி முற்றாக முன்னம் அக்காவும் தங்கையும் கதைக்க வேண்டும். எப்படியாவது.

இந்த இடத்தில் என் ராஜதந்திரம் விழித்துக்கொண்டது. “நீர் ஏன் அவதிப்படுறீர்?” என்றேன். “பொறும். கலியாணம் முற்றாகட்டும். பெரியம்மாக்காரி இல்லாமல் பொம்பிளை வீட்டிலை ஒரு சடங்கும் வடிவா நடக்காது. உம்மடை மனிசி தானா எங்கடை வீட்டுக்கு வரத்தான் வேணும். வந்து சொன்னால் முடிஞ்சுது.”

“இவ வந்து சொன்னால் மச்சாள் கலியாணத்துக்கு வருவா. அது எனக்குத் தெரியும். ஆனால் முற்றான பிறகு வந்தால் அது வாறது இல்லை, அண்ணை. கேக்கிறது. கேட்டு எடுத்த உறவைக் கலியாண வீட்டுப் பந்தலோடை கழட்டிப்போடுவினம். எனக்கு அது காணாது. தேவை ஒண்டும் இல்லாத நேரத்திலை வரவேணும்.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாரும்.”

“அவ வரமாட்டன் எண்டு நிக்கிறா. மாபிள் கதையை விடுறா இல்லை. அதுதான் நான் வாறன்.”

அப்படித்தான் அவர் வெறுங்கையோடு வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்தார். மனைவி ஒரு வெறும் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் வந்த விஷயத்தைச் சொல்லப்போகிறார் என்று சீலையே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. அவர் கத்தரிக்காய்க்குப் புழு விழுந்த கதையைச் சொன்னார். மழை பிந்துகிறது என்றார். லொறிக்காரரின் தாயாருக்கு முழங்கால் கொஞ்சம் சுகம் என்றார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். “அப்ப நான் வாறன், மச்சாள்,” என்று சீலையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கையில் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று அடுத்த நாள் அவரிடம் கேட்டேன். “கத்தரிக்காய் கொண்டு வந்தால் மச்சாள் அதைத் திருப்பி அனுப்புவா,” என்றார். “ஒண்டும் கொண்டு வராட்டி திருப்பி அனுப்ப நான் மட்டும்தான் இருக்கிறன். வாசலுக்கு வந்த மனிசனைத் திருப்பி அனுப்புற ஆள் இல்லை அவ.” நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேரரசுக்கு என் மூளையைவிட அவர் மூளைதான் தேவை என்று அன்றைக்கு முதல்முறையாக எனக்குப் பட்டது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. பேரரசர்கள் அப்படிச் சொல்வதில்லை.

வீட்டில் மனைவி பதில் தயாரிக்கத் தொடங்கிவிட்டாள். மகளின் கலியாணக் கதை அவள் காதுக்கும் வந்திருந்தது. அவர் எப்படியும் இன்னொருமுறை வருவார், அப்போது வாய் திறந்து கேட்பார் என்பது அவளுடைய கணக்கு. முற்றம் கூட்டும்போது ஒரு பதில், தேங்காய் துருவும்போது அதைவிடக் கூரான இன்னொன்று. “கேக்கட்டும். ‘அன்புடையீர், எனக்கு அண்டைக்கு வேலையிருக்கு’ எண்டு சொல்லுறன்,” என்றாள். சொல்லிப்பார்த்துத் தானே சிரித்தாள். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவர் இரண்டாந்தரம் வந்தார். கேட்கவில்லை. மழை பெய்த சந்தோஷத்தைக் கதைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தேத்தண்ணீரில் பால் இருந்தது. மூன்றாந்தரம் வந்தபோது தட்டில் வடையும் இருந்தது. மனைவி சீலைக்குப் பின்னால் நிற்காமல் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். பொறுக்கமாட்டாமல் அவளே கேட்டுவிட்டாள்.

“தம்பி, என்ன அலுவலா வந்தனீர்?”

“ஒண்டுமில்லை, மச்சாள். சும்மாதான்.”

வடையைச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைக் கொஞ்சம் தடவிக்கொண்டார். எரிகிறது, கொடிகாமத்தில் கடலைவடை ஒன்றும் தின்றுவிட்டு வந்தேன் என்றார். இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணீர் தரட்டோ என்று மனைவி கேட்டாள். அவருக்கு ஒன்று தரட்டோ என்று அவள் கேட்டது அந்தக் காலத்தில் அதுதான் முதல்தரம். அவர் குடித்தார். படலைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, “வாறன், மச்சாள்,” என்றார். மோட்டார்சைக்கிள் ஒழுங்கையில் திரும்பி மறையும்வரை மனைவி அங்கேயே நின்றாள். “உந்த மனிசனுக்கு விசரோ?” என்று என்னிடம் கேட்டாள். குரலில் கோபம் இருக்கவில்லை. பதில் ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு எங்கே துப்புவது என்று தெரியாமல் நிற்கிறவளின் குரல் அது.

அடுத்த கிழமை பேச்சுக்கால் முற்றாகியது. சகலன் தொலைபேசி எடுத்தார். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற குரல் இல்லை. “முற்றாகிட்டுது, அண்ணை. இனி நான் சும்மா வர ஏலாது. இனி வந்தால் சொல்லத்தான் வரவேணும்.” கொஞ்சம் முந்தித் தொடங்கியிருக்கலாம் என்றார். நான் வழக்கம்போல ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று இப்போது நினைவில்லை. அவர் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில், சந்தையில், மூட்டைகளுக்கு நடுவில், தக்காளிப் பெட்டி ஒன்றைத் தூக்கப் போனவர் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு ஒருவரும் வந்து சொல்லத் தேவையில்லை. செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில் மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு, உடுத்திருந்த சீலையோடே முச்சக்கர வண்டியில் ஏறினாள். அந்த மாபிள் வீட்டுக்குள் அவள் முதல்முதலாகக் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் இனிச் சரிவந்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்குத் தெரியும், அது கணக்கில் வராது. செத்தவீட்டில் எதிர்வீட்டுக்காரியும் கட்டிப்பிடித்துத்தான் அழுவாள். அது போர்நிறுத்தம். உடன்படிக்கை இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பந்தல் கழற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர்கள் இங்கே வரவில்லை, நாங்கள் அங்கே போகவில்லை, அவ்வளவுதான். முதலில் யார் படலையைத் திறப்பது என்ற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். படலை திறக்கத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

விளையாட்டில் அவருடைய கோட்டை அப்படியே இருந்தது. நெடுநாள் வராதவர்களைத் தலைவர் நீக்கிவிடலாம், வேறொருவருக்கு இடம் கொடுக்கலாம். நான் விரலைக் கொண்டுபோவேன், திரும்ப எடுத்துவிடுவேன். அவருடைய பெயரைத் தொட்டால், கடைசியாக எப்போது வந்தார் என்று காட்டும். அதையும் நான் பார்ப்பதில்லை. தூதர் போய்விட்டார், இனி வடக்கு எங்களை அடிக்கும் என்று என் ராஜதந்திரம் சொன்னது. நான் மதிலை உயர்த்திக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பதிலாக லொறிக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் தூதர் பேசுவதில்லையே, என்மேல் கோபமா என்று கேட்டிருந்தார். நான் நடந்ததை எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுமொழி வந்தது. தாயாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் குளிர் நாட்டில், பெயரும் ஊரும் தெரியாத ஒரு கிழவி கொடிகாமத்துக் காய்கறி வியாபாரி ஒருவருக்காக அழுதிருப்பாளோ என்று நினைத்தபோது எனக்குக் குளிர்ந்தது. கந்தோரில் மின்விசிறி வேலை செய்யாத நாள் அது.

வீட்டில் மனைவியும் நானும் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் பின்னேரத்தில் ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் இருவரும் படலையைப் பார்ப்போம். பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளமாட்டோம். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “கேட்டிருந்தால் நான் ஏலாது எண்டு சொல்லியிருப்பன். சொல்லியிருந்தால் இப்ப எனக்கு என்ன மாதிரி இருக்கும்?” எனக்கு வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. அந்த நெஞ்சு தடவல். தெரிந்துகொண்டுதான் வந்தாரா? தனக்குப் பிறகு மகளுக்கு யார் என்று பார்த்துவைக்க வந்தாரா? அப்படியென்றால் எல்லாம் மிக நீண்ட ஒரு கணக்கு. இல்லை, வடைதான் எரித்தது, மனிதர் மெய்யாகவே சும்மாதான் வந்தார் என்றால் அது வேறு. இரண்டில் எது என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். ஒரு வருஷம் போய் ஆட்டைத்திவசம் முடியட்டும், காத்திருக்கிறோம் என்றார்கள். அதுவும் முடிந்தது. இப்போது நாள் வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாரை வார்க்கத் தகப்பன் ஸ்தானத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பக்கத்தில் அவருடைய பெண்சாதியும் நிற்க வேண்டும். தாய் ஒதுங்கித்தான் நிற்பாள், அது எங்கள் ஊரின் இரக்கமில்லாத வழக்கம். யார் நிற்க வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா, பெரியம்மா. என் ராஜதந்திரத்தின்படி பார்த்தால் எங்கள் கை இவ்வளவு மேலே ஒருநாளும் இருந்ததில்லை. பொறும், அவர்களே வருவார்கள் என்று நான் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து நடக்கப்போகிறது. அதை நினைத்து என்னால் இரண்டு நாள் வடிவாகச் சாப்பிட முடியவில்லை.

அவர்கள் வந்தார்கள். தங்கையும் மகளும், முச்சக்கர வண்டியில். தங்கையின் கையில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த பை. நெற்றி வெறுமையாக இருந்தது. விறாந்தைப் படியில் காலை வைத்துவிட்டு, மேலே ஏறலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மெலிந்துபோயிருந்தாள். மனைவி கதவு நிலையில் நின்றாள். இவ்வளவு காலம் கூர் தீட்டி வைத்த பதில்களெல்லாம் அவளிடம் இருந்தன. கேட்க வேண்டியவள் கேட்க வந்து நின்றாள்.

“அக்கா, நான் உங்களிட்டை ஒண்டு கேக்க…”

“நீ என்னத்தையடி கேக்கிறது?” என்று மனைவி இடையில் வெட்டினாள். “தம்பி எப்பவோ வந்து சொல்லிப்போட்டார். எங்களுக்கு எல்லாம் தெரியும். ஏறி வா. வெயிலுக்குள்ளை நிண்டுகொண்டு.”

தங்கை ஏறவில்லை. “ஆர்? இவரோ? இஞ்சையோ வந்தவர்?”

“பின்னை? மூண்டு தரம். உந்தக் கதிரையிலைதான் இருந்தவர்.”

“என்னட்டை நெல்லியடியிலை லொறி திருத்தக் குடுத்திருக்கு எண்டெல்லே சொன்னவர்…” தங்கை படியிலேயே குந்திவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அத்தான், இவர் என்ன சொன்னவர்? எப்பிடிச் சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ.”

மனைவி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கட்டளை வந்தது. அழகாக ஒரு நாலு வசனம் கட்டிச் சொல், உனக்கு அது பெரிய காரியமா என்று. உண்மைதான். முன்பின் தெரியாத நாட்டு மன்னர்களுக்கு நான் பொய்யாக எழுதிய உடன்படிக்கைகள் எத்தனையோ. ஆனால் அவருடைய வாயில் என் சொல்லை வைக்க எனக்கு நா எழவில்லை.

“கத்தரிக்காய்க்குப் புழு விழுந்திட்டுது எண்டவர்,” என்றேன். “மழை பிந்துது எண்டவர். பேந்து வரேக்கை மழை பெய்திட்டுது எண்டவர். ஆரோ ஒரு லொறிக்காரன்ரை தாய்க்கு முழங்கால் சுகம் எண்டு சந்தோசப்பட்டவர். வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை.”

மனைவி பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. தங்கை கையிலிருந்த பையை மகளிடம் கொடுத்தாள்.

“மூண்டு தரமும் ஒண்டும் கேக்கேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப கேட்டிட்டார்தான்,” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இந்த மனிசன் மாம்பழம் பழுக்கப்போடுற கதையைத்தான் இருந்து கதைச்சுப்போட்டு எழும்பிப் போனது. எங்கடை அப்பு கேட்டவர், உவன் பொம்பிளை பாக்க வந்தவனோ, மாங்காய் பாக்க வந்தவனோ எண்டு.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, அது அழுகையாகி, அதை மறைக்க அடுப்படிக்குள் போனாள். தங்கை எழும்பிப் பின்னால் போனாள். கேத்தலில் தண்ணீர் விழுந்த சத்தம். பிறகு மனைவியின் குரல்: “நீ அண்டைக்கு ஒரு நடை நேரை வந்திருக்கலாமடி.” தங்கையின் குரல்: “அந்த மாபிள்காரனை நீங்கள் பிடிச்சுத் தந்திருந்தால் வந்திருப்பன்.” இத்தனை காலமும் ஊர் முழுக்கச் சுற்றித் திரிந்த சண்டை, கடைசியில் நடக்க வேண்டிய இடத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் குறுக்கே போகவில்லை.

விறாந்தையில் மகளும் நானும் மிஞ்சினோம். சிரிக்கும்போது மட்டும் அவளுக்குத் தகப்பனின் முகம். மற்ற நேரமெல்லாம் தாயின் முகம். விரலால் பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“பெரியப்பா, தாரை வார்க்கேக்கை ஐயர் பேர் சொல்லுவாரெல்லே? ஆற்றை பேர் சொல்லுவார்?”

“கொப்பற்றை பேர்தான், பிள்ளை. பாட்டன்ரை பேர், கொப்பற்றை பேர், பேந்து உன்ரை பேர்.”

“அப்ப நீங்கள்?”

“நான் கை மட்டும்,” என்றேன்.

பெரியப்பா வாயைத் திறந்தால் பகிடிதான் வரும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் சிரித்தாள்.